தூக்கிச் சென்ற தோள்கள்

வரலாறு என்றாலே நம்மில் பலருக்குப் பரீட்சை ஹாலும் ஆண்டுப் பட்டியலும்தான் நினைவுக்கு வரும். எந்தப் போர், எந்த வருஷம், யார் ஜெயித்தார், யார் தோற்றார்? ஐந்து மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்தப் போர் முடிந்த சாயங்காலம், கால் முறிந்து, "தண்ணி, தண்ணி" என்று முனகிக்கொண்டு மைதானத்தில் கிடந்தானே ஒருவன், அவனை அங்கிருந்து தூக்கிச் சென்றது யார்? எப்போது தூக்கினார்கள்? எப்படித் தூக்கினார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் நாம் படித்த பாடப் புத்தகங்களில் பதில் இருந்ததில்லை.

ஆண்டு விழா மலரில் இதைப் பற்றி எழுத என்ன அவசியம் என்று சிலர் கேட்கலாம். அவசியம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு! அடிபட்டுக் கிடப்பவரை முதலில் தொடுகிற கை பெரும்பாலும் டாக்டருடைய கை அல்ல. டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், அந்த வழியாக வந்த கல்லூரி மாணவர் என்று யாரோ ஒருவருடைய கைதான். அந்தக் கை தூக்குகிற விதத்தில்தான் ஒருவர் எழுந்து நடப்பதும், ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடப்பதும், சில சமயம் பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கிறது. அந்தக் கை கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களை இருநூறு வருஷ வரலாறு எழுதி வைத்திருக்கிறது, அதுவும் மனித உயிர்களை விலையாகக் கொடுத்து.

பீரங்கி பறக்கலாம், மனிதன் பறக்கக் கூடாதா?

1792-ஆம் ஆண்டு. பிரெஞ்சுப் புரட்சிப் படை ரைன் நதிக்கரையில் போரிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து விதிப்படி, காயமுற்றவர்களை ஏற்றும் வண்டிகள் போர்முனைக்கு நாலைந்து கிலோமீட்டர் பின்னால்தான் நிற்க வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும். அது வந்து சேர்வதற்குள் ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகிவிடும். அதற்குள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

டொமினிக் ழான் லாரே என்ற இளம் அறுவை மருத்துவர் இதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. குதிரைகள் பூட்டிய இலகுரகப் பீரங்கிகள் களத்தில் இங்கும் அங்கும் பறப்பதைக் கவனித்தார். கொல்லுகிற பீரங்கியே இவ்வளவு வேகமாகப் போகும்போது, காப்பாற்றுகிற வண்டி ஏன் போகக் கூடாது? இரண்டு சக்கரம், இரண்டு குதிரை, அதிர்ச்சி தாங்க வில்கள், உள்ளே உருளைகள் மேல் வழுக்கி வெளியே வரக்கூடிய மெத்தைப் பலகை. இப்படி ஒரு வண்டியைச் செய்தார். "பறக்கும் ஆம்புலன்ஸ்" என்று அதற்குப் பெயர். கரடுமுரடான பாதைக்கு நாலு சக்கர வண்டி தனி. நெப்போலியனோடு எகிப்துக்குப் போனபோது மணலில் சக்கரம் ஓடாது என்று கண்டு, ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் கூடைகள் கட்டி அதில் ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்! ஊருக்கேற்ற வண்டி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

லாரே இன்னொன்றையும் செய்தார். யாருக்குக் காயம் கடுமையோ அவருக்கே முதலில் சிகிச்சை. பதவியும் பார்ப்பதில்லை, எதிரி நாட்டானா நம் நாட்டானா என்றும் பார்ப்பதில்லை. இன்று உலகம் முழுவதும் பேரிடர் மருத்துவத்தில் கடைப்பிடிக்கிற முன்னுரிமைப் பிரிப்பு என்ற விதியின் ஆணிவேர் இதுதான். "எப்போது தூக்குவது?" என்ற கேள்விக்கு வரலாறு சொன்ன முதல் பதில்: சண்டை முடியட்டும் என்று காத்திராதே.

ஆனால் ஒரு மனிதர் கற்றுக்கொண்டதை உலகம் கற்றுக்கொண்டுவிடுவதில்லை. 1859 ஜூன் 24 அன்று இத்தாலியில் சோல்பரினோ போர். ஒரே நாளில் பல்லாயிரம் பேர் இறந்தும் காயமுற்றும் விழுந்தார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஜெனிவா வணிகர் ஹென்றி டுனாண்ட், அள்ளுவாரில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். பக்கத்து ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தன்னால் முடிந்ததைச் செய்தார். 1862-ல் அவர் எழுதிய புத்தகமே 1863-ல் செஞ்சிலுவை இயக்கம் பிறக்கவும், 1864-ல் ஜெனிவா ஒப்பந்தம் எழுதப்படவும் காரணமாயிற்று. தூக்கிச் செல்பவனைச் சுடக்கூடாது என்ற எண்ணம் சர்வதேசச் சட்டமானது அப்போதுதான்.

அதே 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம் புல் ரன் என்ற இடத்தில் இரண்டாவது போர் நடந்தது. வண்டியோட்டிகள் முறையான பயிற்சி இல்லாத கூலி ஆட்கள். குண்டுச் சத்தம் கேட்டதும் பலர் ஓடிப்போனார்கள். காயமுற்றவர்கள் சிலர் ஒரு வாரம் வரை களத்திலேயே கிடந்தார்கள். படை மருத்துவ இயக்குநராக வந்த ஜோனதன் லெட்டர்மன், ஆம்புலன்ஸ் வண்டிகளையெல்லாம் மருத்துவத் துறையின் பொறுப்பில் கொண்டுவந்தார், தனிப் படை அமைத்தார், பயிற்சி கொடுத்தார். அடுத்த மாதமே, செப்டம்பர் 17 அன்று ஆன்டிட்டம் போர். ஒரே நாளில் அமெரிக்கா கண்ட மிகக் கொடிய உயிர்ச்சேதம் அது. ஆனாலும் அவர் பொறுப்பிலிருந்த காயமுற்றவர்களை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் களத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். இடையில் புதிதாக ஒரு மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. மாறியது ஒழுங்கு ஒன்றுதான்.

டோலியும் நம்மவர் தோளும்

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்ம கதை என்ன என்பீர்கள். நம்ம கதை டோலியில் இருக்கிறது. மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்ட படுக்கை. முன்னும் பின்னும் ஆட்கள். பிரிட்டிஷ் இந்தியப் படைகள் போன இடமெல்லாம் டோலி தூக்குவோர் கூடவே போனார்கள். இதில் ஒரு வேடிக்கைக் கதையும் வழங்கி வந்தது. டோலிகள் வந்து காயமுற்றவர்களைக் கொண்டுபோயின என்று இந்தியாவிலிருந்து போன செய்தியைப் படித்த இங்கிலாந்துக்காரர் ஒருவர், டோலி என்பது ஏதோ கொடிய மலைச்சாதி என்று நினைத்துக்கொண்டு கொதித்துப் பேசினாராம்! சிரிப்பதற்கு நல்ல கதைதான். ஆனால் அந்த டோலியைச் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது சிரிக்கிற விஷயமல்ல.

அடுத்த காட்சி தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 1899-ல் போயர் போர் மூண்டது. டர்பனில் வழக்கறிஞராக இருந்த காந்தியார், இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அதில் ஏறத்தாழ 300 பேர் சுதந்திர இந்தியர்கள். மீதி எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் அந்த ஸ்ட்ரெச்சர்களைத் தாங்கிய தோள்களில் எத்தனை நம்ம ஊர்த் தோள்கள் இருந்திருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்!

1899 டிசம்பரில் கொலென்சோ, 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் என்ற மலை. துப்பாக்கிச் சூட்டு எல்லைக்குள் இவர்கள் போக வேண்டியதில்லை என்பதுதான் முதலில் பேச்சு. ஸ்பியன் காப்பில் நிலைமை மோசமானபோது, வர முடியுமா என்று கேட்டார்கள், தயங்காமல் போனார்கள். ஜெனரல் உட்கேட் உட்படப் பலரைச் சுமந்து வந்தார்கள். ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல், அதாவது 32 முதல் 40 கிலோமீட்டர் வரை ஆளைச் சுமந்து நடந்த நாட்களும் உண்டு என்று காந்தியார் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். வெறுங்கையோடு நடந்தாலே நமக்கெல்லாம் கால் கெஞ்சும் தூரம் அது.

படையின் தலைவர்களுக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான கூலிகள் தோட்டத்துக்கே திரும்பிப் போனார்கள். 1906-ல் ஜூலு மக்களின் எழுச்சியின்போது காந்தியார் மறுபடி ஒரு சிறு படை அமைத்தார். இம்முறை பெரும்பாலும் சேவை செய்தது ஜூலுக்களுக்கு. சாட்டையடிபட்டுப் புண் சீழ்பிடித்துக் கிடந்த அவர்களைத் தொட வெள்ளைத் தாதிகள் தயாராக இல்லை. "யார் தூக்குவது?" என்ற கேள்விக்கு வரலாறு தந்த பதில் இது. பெரும்பாலும் யாரை ஊரே மதிக்கவில்லையோ அவர்தான் தூக்கினார்.

இதே கதை பின்னாளில் அமெரிக்காவிலும் நடந்தது. 1960-களில் அங்கே ஏறக்குறைய பாதி ஆம்புலன்ஸ் சேவையை நடத்தியவர்கள் யார் தெரியுமா? பிண அடக்கம் செய்யும் கடைக்காரர்கள்! படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி அவர்களிடம்தானே இருந்தது. 1967-ல் பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துத் தீவிரப் பயிற்சி கொடுத்து "ஃப்ரீடம் ஹவுஸ்" ஆம்புலன்ஸைத் தொடங்கினார். இன்றைய அவசர மருத்துவ உதவியாளர் பணிக்கு முன்னோடிகள் அவர்களே. 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி அவர்களை ஓரங்கட்டியது என்பது தனிச் சோகம்.

கட்டிய பிறகே தூக்கு

இனி மூன்றாவது கேள்வி, எப்படி?

முதல் உலகப் போர் இதற்கு ஒரு கொடூரமான வகுப்பறை. போரின் தொடக்கத்தில் தொடை எலும்பு முறிந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் வரை இறந்தார்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்லும். தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் வெளியே தெரியாமல் கசிந்துவிடும். முறிந்த எலும்பின் முனை, ஸ்ட்ரெச்சர் ஆடும்போதெல்லாம் சதையை மேலும் மேலும் கிழிக்கும். தூக்கிச் செல்வதே ஆளைக் கொன்றது!

லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் என்ற எலும்பு வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் செய்திருந்தார். காலை நேராக இழுத்துப் பிடித்து அசையாமல் வைக்கிற சட்டம். அவர் உயிரோடு இருந்தவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய உறவினரான ராபர்ட் ஜோன்ஸ், போரின்போது அதைப் படைக்குக் கொண்டுவந்தார். ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டுமல்லவா? 1917-ல் அர்ராஸ் போரில் அந்த இறப்பு நூற்றுக்கு 16-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. முதலில் சொன்ன 80 சற்று மிகையான கணக்கு என்று பின்னால் வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் இறப்பு சரிந்ததை யாரும் மறுக்கவில்லை. முதலில் அசையாமல் கட்டு, அப்புறம் தூக்கு என்பதுதான் பாடம்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது இன்னொரு புதிர். இடிபாட்டில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரை வெளியே எடுக்கிறார்கள். பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். "அப்பாடா, பொழைச்சுட்டார்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகிறார். 1941-ல் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் இதை விளக்கினார்கள். நசுங்கிய தசையிலிருந்து கெட்ட பொருட்கள், பாரம் விலகியதும் ரத்தத்தில் கலக்கின்றன. அவையே சிறுநீரகத்தை அடைக்கின்றன. அதனால்தான் இன்று நெடுநேரம் சிக்கியவரை வெளியே எடுக்கும் முன்பே, இடிபாட்டுக்குள் கையை விட்டாவது, நரம்பு வழியே சலைன் ஏற்றத் தொடங்குகிறார்கள். இழுத்துப் போடுவது வேறு, மீட்பது வேறு.

இடத்துக்கு ஏற்பக் கருவியும் மாறியது. கப்பலின் குறுகலான ஏணிவழியே ஆளைச் செங்குத்தாக ஏற்ற, பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் நீல் ராபர்ட்சன், கித்தானிலும் மூங்கில் பட்டையிலும் உடம்பைச் சுற்றிக் கட்டும் ஸ்ட்ரெச்சரை உருவாக்கினார். 1944 ஏப்ரலில் பர்மாக் காட்டில் ஹெலிகாப்டர் முதன்முதலாகப் போர்க்களத்திலிருந்து காயமுற்றவர்களைத் தூக்கி வந்தது. 1989 நவம்பரில் மேற்கு வங்கம் ராணிகஞ்ச் பகுதியில் மஹாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் துளை போட்டு, அதில் இரும்புக் கூண்டை இறக்கி, தானே முதலில் உள்ளே போய், 65 தொழிலாளர்களை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். பொறியியல் படிக்கும் நம் தம்பி தங்கைகள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது.

இன்னொரு பாடமும் உண்டு, அது அறிவியல் தன்னையே திருத்திக்கொண்ட பாடம். 1960-களிலிருந்து, முதுகுத்தண்டில் அடி என்ற சந்தேகம் வந்தாலே கெட்டியான நீளப் பலகையில் படுக்க வைத்து இறுகக் கட்டுவதே வழக்கமாக இருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்தால், மணிக்கணக்கில் பலகையில் கிடப்பதால் வலியும், அழுத்தப் புண்ணும், மூச்சுச் சிரமமும் வருகின்றன என்று தெரிந்தது. 2013-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பலகையை அளவோடு பயன்படுத்தச் சொல்லிவிட்டன. பலகை ஆளை இடம் மாற்றும் கருவியே தவிர, படுக்கை அல்ல. முதுகெலும்பை அசைக்கக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் கைக்கு எட்டியது

இத்தனை வரலாறும் நம் ஊர்ச் சாலைக்கு வந்தால் என்ன சொல்லும்? நாலு பேர் சேர்ந்து, "தூக்குப்பா, தூக்குப்பா" என்று ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்து, வாழைத்தார் மாதிரி தூக்கி, ஆட்டோவுக்குள் மடக்கித் திணிக்கிறோமே, அதைச் செய்யாதே என்றுதான் முதலில் சொல்லும். நல்ல மனசோடு செய்கிற காரியம்தான். ஆனால் கழுத்தெலும்பு விலகியிருந்தால் அந்த ஒரு மடக்கில் தண்டுவடம் போச்சு.

தீ, வெள்ளம், விஷவாயு, இடிந்து விழும் சுவர் என்று அங்கேயே இருந்தால் ஆபத்து என்றால் மட்டும் உடனே நகர்த்துங்கள். அப்போதும் தோள்பட்டைச் சட்டையைப் பிடித்து, தலையை முன்கைகளுக்கு நடுவே தாங்கி, உடம்பு நேராக இருக்கும்படி நீளவாக்கில் இழுங்கள். பக்கவாட்டில் முறுக்கி இழுக்காதீர்கள். அப்படிப்பட்ட ஆபத்து இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மூச்சு ஓடுகிறதா என்று பாருங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்து, வாந்தியோ ரத்தமோ வாயில் தேங்கினால், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையாக உருளும்படி பக்கவாட்டில் திருப்புங்கள்.

ஆம்புலன்ஸ் வர வழியில்லாத இடமா? கயிற்றுக் கட்டிலைவிட நல்ல ஸ்ட்ரெச்சர் கிராமத்தில் கிடையாது. அகலமான பலகை, கழற்றிய கதவு, இரண்டு மூங்கிலில் கோத்த சாக்கு எதுவும் ஆகும். ஆளை ஏற்றும் முன் வெறும் ஆளைப் படுக்க வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். முறிந்த காலை, பக்கத்தில் நல்ல கால் இருக்கிறதே, அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல, அவர் சொன்னால் மட்டுமே மற்றவர்கள் தூக்க வேண்டும். குனிந்து முதுகால் தூக்காமல், முழங்காலை மடக்கித் தொடை பலத்தில் எழுந்திருங்கள். ராணுவ அணிவகுப்பு மாதிரி எல்லோரும் ஒரே காலை எடுத்து வைத்தால் படுக்கை தூளியாக ஆடும். காலை மாற்றி மாற்றி, சிறு அடியாக வைத்து நடங்கள். சமதரையில் கால் முன்னே, மேட்டில் ஏறும்போது தலை முன்னே. பாம்புக்கடியானால் நடக்க விடாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துத் தூக்கியே கொண்டுபோங்கள்.

"இதெல்லாம் சரி, அப்புறம் போலீஸ், கோர்ட்டுன்னு அலையறது யாரு?" என்ற பயம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை எல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016-ல் அதே நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு இல்லை. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 108 சேவை வந்தது 2008-ல். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021-ல் வந்தது. ஆக, வண்டி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நடுவில் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் நம் பொறுப்பு.

1878-ல் லண்டனை அடுத்த வூல்விச்சில் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர், பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார். மருத்துவம் படிக்காதவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அடுத்த ஜனவரியில் அவர் தென்னாப்பிரிக்காவில் இசண்டுல்வானா போர்க்களத்தில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் அவருக்குப் பிறகு கையேடாக வெளிவந்து, உலகெங்கும் பரவின. நாம் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. முகாம்களில் முக்கோணத் துணியை மடித்து மடித்துக் கட்டிப் பழகினோமே, அந்த வகுப்புகளுக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் விண்ணப்பம் இது. ஆண்டுதோறும் நாம் கல்லூரிக்கு ஏதாவது செய்கிறோம்: மின்விசிறி, பீரோ, குடிநீர்த் தொட்டி. எல்லாம் தேவைதான். அதோடு சேர்த்து, வருஷத்துக்கு ஒரு முறை எல்லாத் துறை மாணவர்களுக்கும் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி, இரண்டு நல்ல ஸ்ட்ரெச்சர், நாலு செட் கட்டுச் சாமான் என்று ஏற்பாடு செய்தால் பெரிய செலவில்லை. நம் நடுவே டாக்டர்கள் இருக்கிறார்கள், தீயணைப்புத் துறையிலும் காவல் துறையிலும் இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தேதி குறிக்கும் வேலையைச் செயற்குழு இந்தக் கூட்டத்திலேயே முடித்துவிட்டால் நல்லது.